இறுக்கிக் கட்டிய சொல்

போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. போன வருஷம் புதிதாக வந்த கங்காணி முதல் நாளே, "நான் ரொம்ப ஸ்ட்ரிக்டு" என்றார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அன்று மாலையே போனில் தேடிப் பார்த்தேன்.

மறுநாள், நாங்கள் போட்ட கட்டு சரியில்லை என்று உரமூட்டைகளையும் எங்கள் எல்லோருடைய சோற்றுவாளிகளையும் ஜீப்பின் மேல் வைத்து, தார்ப்பாய் மூடி, அவரே கயிறு கட்டினார். வழியில் நல்ல மழை. தோட்டத்தில் இறங்கியதும் காலைச் சோறு சாப்பிட வேண்டும்; நனைந்த முடிச்சு அவிழவே இல்லை. பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார்.

"ஸ்ட்ரிக்டுன்னா லத்தீன்ல இறுக்கிக் கட்டுனதுன்னு அர்த்தமாம்ணே. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க" என்றேன்.

என்னை முறைத்தவர் சட்டென்று சிரித்துவிட்டார்.

"அருவாளக் கொண்டா ஆத்தா, வெரசா!"

கயிற்றை அறுத்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் கருவாட்டுக் குழம்பை ருசித்துக்கொண்டே, "இளகுன மனசுக்காரனுக்கு இங்கிலீசுல என்ன சொல்லுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க டவர் கெடைக்காதுண்ணே. நாலு நாள் உங்களப் பாத்துட்டுச் சொல்றேன்."