ஏழு பிரதிகள்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. போரில் ஓடிப்போய்ச் சம்பூர்ப் பக்கம் திரும்பிக் குடியேறிய குடும்பங்களின் காணிப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, கணினியோடு இணைத்த ஒரு சேமிப்புப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். எனக்கு வேலை கொடுத்த சங்கமும் சிறியது, அறையும் சிறியது. கணினி விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் மட்டும் பெரியது.

அந்தச் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பத்திரமானாலும் ஒரு பிரதியோடு நிம்மதி வராது. ஒன்று தங்கையிடம், ஒன்று மச்சானிடம், ஒன்று நகரத்து உறவுக்காரரின் அலுமாரியில் என்று கொடுத்து வைப்பார்கள். கணினி வந்த பிறகு தாளில் பிரதி எடுப்பதை விட்டுவிட்டார்கள், ஆனால் இங்கேயும் அதையேதான் கேட்டார்கள்.

"என்ர தங்கச்சியின்ர இடத்திலயும் ஒண்டு போட்டு விடுங்கோ."

நானும் போட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கோப்புறை, அதற்குள் இருப்பதைப் பூட்ட அவரவர் கடவுச்சொல். காணி விஷயம் அல்லவா, தன் கோப்புறையை மற்றவர் திறக்கக் கூடாது என்பதில் எல்லோரும் கறாராக இருந்தார்கள்.

இரண்டே வருடத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கும் நிலையில் சங்கம் இல்லை. ஆனால் பெட்டியிலேயே ஒரு வசதி இருந்தது. ஒரே கோப்பு பல இடங்களில் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அதுவே நீக்கிவிடும். அதை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் கடுகளவு இடம்கூடக் காலியாகவில்லை. எனக்குத் தலை சுற்றியது. ஒரே பத்திரம் ஏழு கோப்புறைகளில் இருக்கிறது, போட்டவனே நான்தான். பெட்டி மட்டும் அப்படி ஒன்றும் இல்லை என்று அடம்பிடித்தது. கோப்புகளைச் சுருக்கிப் பார்த்தேன். அவையும் சுருங்க மறுத்தன.

கொழும்பில் இதே தொழிலில் இருக்கும் கூட்டாளியைத் தொலைபேசியில் பிடித்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ பூட்டிப்போட்டெல்லோ தேடச் சொல்லுறாய். ஏழு பாஸ்வேட்டில பூட்டினா ஒரே பேப்பர் ஏழு விதமாக் குழம்பிக் கிடக்கும். மெஷினுக்கு அது ஏழு வேற வேற சாமான். குழம்பினதைச் சுருக்கவும் ஏலாது. முதல்ல ஒரே மாதிரியானதைக் கழி, பிறகு சுருக்கு, கடைசியாப் பூட்டு."

பாதி விளங்கியது, மீதி விளங்கியதாக நானே வைத்துக்கொண்டேன். குடும்பம் குடும்பமாக வரச் சொல்லி, அவரவர் கடவுச்சொல்லை அவரவர் கையால் அடிக்க வைத்து, எல்லாக் கோப்புகளையும் திறந்தேன். அவர்கள் அடிக்கும்போது மரியாதைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவன் சொன்ன ஒழுங்கிலேயே செய்து, கடைசியாக எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பூட்டைப் போட்டேன். பழையவற்றை அழித்தேன். பெட்டியில் பாதிக்கு மேல் காலி. ஒரு வாரம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் சம்பூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய காணி அனுமதிப்பத்திரம் கூரை ஒழுகி நனைந்து, மை ஊறி, வெறும் நீலக் கறையாகியிருந்தது. பக்கத்துக் காணிக்காரர் வேலியை இவர் பக்கம் தள்ளிப் போட்டதால் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பத்திரத்தில் இருக்கும் அளவைக் காட்டினால் காணி மிஞ்சும், காட்டாவிட்டால் கிணறு இருக்கும் துண்டு போய்விடும்.

"எத்தினை கொப்பி கிடக்குது தம்பி?"

திரையில் எண்ணினேன். "ஏழு கிடக்கு அக்கா. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"இப்பவே ஒண்டு எடுத்துத் தாங்கோவன்."

பிரிண்டரில் மை முடிந்திருந்தது, வாங்கி வரப் பஞ்சியாகவும் சோம்பலாகவும் இருந்தது. "ஏன், இதையும் கொண்டுபோய் நனைக்கவோ? விசாரணைக்கு முதல் நாள் வாங்கோ, சுடச்சுட எடுத்துத் தாறன்" என்று பகிடி விட்டேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

சொன்ன நாளில் வந்தார். அவருடைய கோப்புறையில் இருந்த கோப்பு திறக்கவில்லை. பழுது என்றது. பரவாயில்லை என்று தங்கையின் கோப்புறைக்குப் போனேன். அதே பழுது. மச்சான், சித்தி, அண்ணன் என்று வரிசையாகத் தட்டினேன். ஏழும் ஒரே வார்த்தையைச் சொல்லின. ஒன்று பழுதாகலாம், ஏழும் ஒரே நாளில் எப்படிப் பழுதாகும்? மின்வெட்டோ, வைரஸோ, யாரும் கை வைத்தார்களோ என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மீண்டும் கொழும்புக்கு அடித்தேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"ஏழு எண்டு ஆர் சொன்னது? பேர்தான் ஏழு, சாமான் ஒண்டு. மிச்ச ஆறையும் நீ கழிச்சாச்செல்லோ, கோப்புறையில பேர் மட்டும்தான் தெரியும். டிஸ்க்கில அந்த இடம் பழுதாப் போயிருக்கும். சுருக்கிப் பூட்டினதில ஒரு புள்ளி போனாலே முழுசும் திறக்காது. வேற டிஸ்க்கில ஒண்டும் எடுத்து வைக்கேல்லையோ?"

எடுத்து வைக்கவில்லை. ஏழு இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன். பெட்டியைக் குழப்பிய அந்த ஏழு பூட்டுகளும் அப்படியே இருந்திருந்தால் ஏழு பத்திரமும் தனித்தனியாக இருந்திருக்கும். கழிக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவன் நான். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

அக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஏழும் ஒரே இடத்திலயோ கிடந்தது?"

"ஓம் அக்கா."

"நாங்கள் ஓடேக்க எல்லாத்தையும் ஒரே பையிலதான் கொண்டு ஓடினனாங்கள். பை போனதோட எல்லாம் போச்சு. பிறகு அலைஞ்சு திரிஞ்சுதான் இந்தக் காணிப் பேமிற்றை எடுத்தது. அதுக்குப் பிறகு நான் எதையும் ஒரு இடத்தில வைக்கிறதில்லை."

என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே பிழைத்தது என்று தனக்குத்தானே பார்ப்பது போலச் சொன்னார். எனக்கு அது திட்டியதைவிட மோசமாகப் பட்டது.

மறுநாள் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். பத்திரத்தைக் கண்ணால் கண்டவன், ஸ்கேன் செய்தவன் என்றாவது சொல்லலாமே. அதிகாரி பொறுமையானவர், நனைந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நீங்கள் எத்தினை பிரதி வைச்சிருந்தனீங்கள்?"

ஏழு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஒண்டு சேர்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பழைய பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும், நாள் எடுக்கும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல ஏலாது, அதுவரை வேலி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று வேறு தவணை போட்டார். அந்த வேலிக்கு அப்பால்தான் அக்காவின் கிணறு.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உள்ளுக்கச் சொன்னதை நான் கேட்ட அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம் தம்பி. ஒண்டுதான் எண்டு தெரிஞ்சிருந்தா, மை வாங்கிக்கொண்டு வருமட்டும் அங்கயே இருந்து, ஒண்டை எடுத்து வெருகலில இருக்கிற மகளிட்ட அனுப்பிப்போட்டுத்தான் வீட்டை போயிருப்பன்."