கண்ணாயி தானாக விழுந்தாள்

கண்ணாயியை யாராலும் கீழே தள்ள முடிந்ததில்லை. இரண்டு வருடங்களில் ஐந்து ஜூடோ போட்டிகளுக்குப் போனாள். ஐந்திலும் அவள் முதுகு தரையைத் தொடவில்லை. ஐந்திலும் தோற்றுத்தான் திரும்பினாள்.

இதைக் கேட்டு, மலைமேல் அவள் ஊர்ப்பக்கமான குண்டூர் நாட்டில் சிரிக்காதவர்கள் குறைவு. அதிலும் அவளுடைய சொந்த அண்ணன் அண்ணாமலை இருக்கிறானே, அவனுக்கு டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. "குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலைம்பாங்க. எந்தங்கச்சி விழுகவே இல்லீங்க, ஆனாலும் தோத்துப்போட்டு வந்துருச்சு" என்பான். சுற்றியிருப்பவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஜூடோவில் எதிராளியைத் தூக்கி முதுகு படும்படி வீசினால் ஒரே வீச்சில் ஆட்டம் முடிந்துவிடும். வீசாமல் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் நடுவர் எச்சரிக்கை கொடுப்பார். மூன்று எச்சரிக்கை வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான். கண்ணாயி ஒவ்வொரு முறையும் எதிராளியின் கழுத்துப்பட்டியை ஒரு கையிலும் சட்டைக்கையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியை உதற ஒருத்தியாலும் முடியவில்லை. அவளும் விடவில்லை, வீசவும் இல்லை.

வீசப் போனால் ஒரு கால் தரையைவிட்டுக் கிளம்ப வேண்டும். கால் கிளம்பினால் விழுந்துவிடலாம். கண்ணாயிக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது விழுவதுதான்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. இருபத்திரண்டு வயதுவரை அவள் மிளகு பறித்தவள். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறிப்போன உயரத்துக்கு ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆண்களுக்குச் சமமாக ஏறியவள். மிளகு பறிப்பவர்களுக்கு ஒரே ஒரு பாடம்தான். காலு நழுவுனாலும் கை நழுவப்படாது. ஒரு மாசி மாதத்துக் காலையில் அவளுக்குக் கால் நழுவியது. கை நழுவவில்லை. பிடித்த கொப்பைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டாள். கொப்புதான் ஒடிந்தது. அவள் தரையில் கிடந்தபோதும் கொப்பு அவள் கையிலேயே இருந்தது. இடுப்பு எலும்பு விரிசல்விட்டது. கணவன் இளங்கோவும் அண்ணாமலையும் கம்பளியில் தொட்டில் கட்டி ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று மாதம் படுக்கை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். கண்ணாயி அடுப்பங்கரைக்குத்தான் போனாள். மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. மரத்தடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முக்காலிமேல்கூட ஏற மாட்டாள். பஸ்ஸில் மலை இறங்கினால் வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மலையில் பிறந்தவளுக்கு இது எத்தனை வெட்கம் என்று அவளுக்குத் தெரியும். பத்து வருடம் அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லாமல் சோறு வடித்தாள்.

அந்தப் பள்ளிக்கு ஸ்டெல்லா வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது, விளையாட்டு டீச்சர். சாப்பாட்டுக் கூடத்தில் பாய்மெத்தைகளை விரித்துப் பெண்பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக் கொடுத்தாள். முதல் ஒரு மாதமும் ஒரே பாடம். விழுவது. மோவாயை நெஞ்சில் ஒட்டு, கையை விடு, உள்ளங்கையால் தரையை ஓங்கி அறை, உருள், எழுந்திரு. கண்ணாயி அடுப்படி வாசலில் மரவள்ளிக் கிழங்கை உரித்தபடி பார்ப்பாள். ஆறாம் வகுப்புப் பிஞ்சு ஒன்று நாற்பது தடவை விழுந்து நாற்பது தடவையும் சிரித்துக்கொண்டே எழுந்தது. கண்ணாயிக்குக் கோபம் வந்தது. பிள்ளைமேல் இல்லை, தன்மேல்தான்.

அன்று சாயங்காலமே கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எனக்கும் விழுகக் கத்துக் குடுப்பீங்களா?"

ஸ்டெல்லா இருபது பேருக்குச் சண்டை கற்றுக்கொடுத்திருக்கிறாள். விழக் கற்றுக்கொடு என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். "நாளைக்கு அஞ்சரை மணிக்கு வாங்கக்கா" என்றாள்.

கண்ணாயி போனாள். அது ஒன்றும் மந்திரம் போட்ட மாதிரி நடந்துவிடவில்லை. உருளக் கற்றுக்கொண்டாள், உட்கார்ந்த நிலையிலிருந்து விழக் கற்றுக்கொண்டாள். நின்ற நிலையிலிருந்து ஸ்டெல்லா தள்ளினால் மட்டும் கை தானாகப் போய் ஸ்டெல்லாவின் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு என்ன, இரண்டு பேரும் ஒன்றாகச் சாய்வார்கள், டீச்சர் அடியில், சமையல்காரி மேலே. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும். ஆனால் அந்தப் பிடியைப் பார்த்துத்தான் ஸ்டெல்லா அவளைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னாள். இப்படி ஒரு பிடி ஜில்லாவிலேயே கிடையாது என்று நம்பினாள். நம்பிக்கை வீண்போகவில்லை. வெற்றிதான் வரவில்லை.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு வந்த வாரம், பயிற்சியில் ஒரு முழங்கை பட்டுக் கண்ணாயியின் கன்னம் நீலமாக வீங்கியது. இளங்கோ அதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"போதும் கண்ணாயி. இன்னொருக்கா உன்னையத் தூக்கிக்கிட்டு ஓட என்னால ஆவாது."

"மெத்தையில விழுந்தா ஒண்ணும் ஆவாதுங்க."

"நீ எங்க விழுந்த? அஞ்சு தடவையும் மரம் மாதிரி நின்னுட்டுத்தான வந்த. பயத்தோட எதுக்குப் போற? அதத்தான் கேக்கறேன்."

கண்ணாயிக்குச் சுருக்கென்றது. ஊர் சிரித்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. அவன் கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளும் உள்ளதைச் சொன்னாள்.

"பயத்தோட சாவ எனக்கு இஷ்டமில்லீங்க. அதுக்குத்தான் போறேன். அடுத்த மாசம் நாமக்கல்லுல போட்டி. ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டமாச்சும் ஜெயிக்காட்டி, இந்த ஜூடோ வெள்ளைத் துணிய நானே மடிச்சு டீச்சர் கையில குடுத்துப்போடறேன். அப்புறம் அந்தப் பக்கமே போவ மாட்டேன்."

"ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சுட்டா இதப் பத்தி நீங்க வாயத் தொறக்கப்படாது."

இளங்கோ தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டான். "சரி. ஆனா நான் வர மாட்டேன். என்னால பாக்க முடியாது" என்றான்.

மறுநாள் காலையில் கண்ணாயி ஸ்டெல்லாவிடம் ஒப்பந்தத்தைச் சொன்னாள். ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "உங்க பிடிக்கு ஏத்த வீச்சு ஒண்ணு இருக்கு. இத்தனை நாளா வேணும்னேதான் சொல்லலை. அதுக்கு முதல்ல நீங்க விழணும்" என்றாள்.

அந்த வீச்சு இப்படி. எதிராளியை இறுகப் பிடித்து, அவள் காலடிக்குள்ளேயே நாம் மல்லாக்க விழ வேண்டும். விழும்போதே ஒரு பாதத்தை அவள் அடிவயிற்றில் ஊன்றி, தலைக்குமேல் இழுத்து எறிய வேண்டும். பிள்ளைகள் அதற்கு மல்லாக்க வீச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்டதுமே கண்ணாயிக்கு இடுப்பு வலித்தது.

"பாதி விழுந்தீங்கன்னா நான் உங்க மேல விழுவேன்க்கா. முழுசா விழுந்தீங்கன்னா உங்களைத் தாண்டிப் போய் விழுவேன். நடுவுல எதுவும் கிடையாது" என்றாள் ஸ்டெல்லா.

கண்ணாயி பாதிதான் விழுந்தாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். முழங்காலை மடக்கித் தள்ளி உட்காருவாள், ஸ்டெல்லா பொத்தென்று மேலே வந்து விழுவாள். இருபது நாள் இதே கூத்து. பிள்ளைகள் அசையாமல் நின்று கொடுத்தால் அழகாக எறிவாள். யாராவது உண்மையாக எதிர்த்து நின்றால் உடம்பு மறுத்துவிடும். விடுதியில் குழம்பைக் கிண்டும்போதும், துணி துவைக்கும்போதும் அவள் தன் உடம்பைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நன்றி கெட்ட உடம்பு, பன்னிரண்டு வருடமாகச் சோறு போட்டு வளர்த்த பயம். ஒரு நாள்கூடப் பயிற்சிக்குப் போகாமல் இருக்கவில்லை.

போட்டி நாளில் முதல் பஸ்ஸில் ஸ்டெல்லாவும் அவளும் மலை இறங்கினார்கள். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் மெத்தை விரித்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் கண்ணாயிக்கு முதல் ஆட்டமே மைதிலியோடு விழுந்தது. மைதிலி போலீஸ்காரி, வயது இருபத்தேழு, போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தங்கம் வாங்கியவள். தோற்றால் அன்றைக்கு வேறு ஆட்டம் கிடையாது. ஸ்டெல்லாவின் முகம் தொங்கிப்போனது.

"யாரா இருந்தா என்னங்க டீச்சர், அந்தப் புள்ளைக்கும் ரெண்டு கால்தான" என்றாள் கண்ணாயி. தைரியமாகத்தான் சொன்னாள். இடுப்புப் பட்டியை மட்டும் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

ஆட்டம் நான்கு நிமிடம். கண்ணாயி பிடித்தாள். மைதிலி உதறினாள், முறுக்கினாள், இரண்டு கையாலும் பிய்த்துப் பார்த்தாள். பிடி அசையவில்லை. மைதிலி காலை வாரினாள், இடுப்பைக் கொடுத்தாள், கண்ணாயி வேர்விட்டு நின்றாள். முதல் எச்சரிக்கை. பார்த்துக்கொண்டிருந்த யாரோ, "இந்தக்கா மறுபடியும் நிக்குதுடா" என்றார்கள். இரண்டாவது எச்சரிக்கை. இனி ஒன்று விழுந்தால் வெள்ளைத் துணியை மடிக்க வேண்டியதுதான். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

வேறு வழியில்லாமல் கண்ணாயி உட்கார்ந்தாள். விழவில்லை, உட்கார்ந்தாள். எப்போதும்போலப் பாதி. மைதிலி அவள்மேல் சரிந்து, தோளையும் கழுத்தையும் அணைத்துத் தரையோடு அமுக்கினாள். இருபது வினாடி அப்படியே கிடந்தால் ஆட்டம் முடிந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று யாரோ எண்ணுவது காதில் விழுந்தது. கண்ணாயி மைதிலியின் இடுப்புப் பட்டியைப் பிடித்துத் திமிறி, பன்னிரண்டாவது வினாடியில் கவிழ்ந்து வெளியே வந்தாள். பத்து வினாடி அமுக்கியதற்குப் பாதிப் புள்ளி மைதிலிக்குப் போய்விட்டது.

நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்தினார். கண்ணாயி சட்டையைச் சரிசெய்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரறிய, மண்டபமறிய, அவள் முதுகு தரையில் பட்டுவிட்டது. எலும்பு விரிசல்விடவில்லை. கம்பளித் தொட்டில் வரவில்லை. மைதிலியின் வியர்வை கண்ணில் விழுந்து எரிந்ததைத் தவிர ஒன்றுமே நடக்கவில்லை. இதற்கா இத்தனை வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினோம் என்று ஆத்திரமாக வந்தது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

இன்னும் இருபத்தைந்து வினாடி. மைதிலி பேசாமல் ஒதுங்கி நின்றிருந்தால் ஜெயித்திருப்பாள். தங்கம் வாங்கிப் பழகியவளுக்குப் பாதிப் புள்ளியில் ஜெயிக்க மனம் வருமா? முழு வீச்சில் முடித்துவிடலாம் என்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணாயி கழுத்துப்பட்டியைப் பிடித்தாள், சட்டைக்கையைப் பிடித்தாள். இரண்டு காலையும் தரை தாங்கும் என்ற எண்ணத்தை விட்டாள். மைதிலியின் இரண்டு பாதங்களுக்கு நடுவே தன் முதுகை மொத்தமாகப் போட்டாள்.

பாதம் அடிவயிற்றில் ஊன்றியது. கை இழுத்தது. ஒரு நொடி மண்டபத்து மின்விசிறியை மறைத்துக்கொண்டு மைதிலி மேலே போனாள். அடுத்த நொடி கண்ணாயியின் தலைக்கு அப்பால் முதுகு அறைகிற சத்தம் கேட்டது. சுத்தமான, முழுச் சத்தம். நடுவரின் கை நேராக வானத்தைப் பார்த்து உயர்ந்தது. முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

கண்ணாயி எழுந்திருக்கவில்லை. மல்லாந்து கிடந்தபடியே சிரித்தாள். சத்தம் போட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். அடிபட்டுவிட்டதோ என்று நடுவர் குனிந்து பார்த்தார். மைதிலிதான் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க இத?" என்று கேட்டாள். நல்ல பெண்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் நாற்பது வினாடியில் கண்ணாயியைத் தோளில் ஏற்றி வீசினாள். ஆறு போட்டிகளில் அவளை ஒருத்தி வீசியது அதுதான் முதல் தடவை. கண்ணாயி உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்து, உருண்டு எழுந்து வணங்கினாள். ஸ்டெல்லா ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தோற்றதற்கு அழுகிறாளா, விழுந்த அழகுக்கு அழுகிறாளா என்று கேட்கக் கண்ணாயிக்கு நேரமில்லை. போன் அடித்தது.

மலையில் லாரியில் மரவள்ளி ஏற்றிக்கொண்டிருந்த இளங்கோ கூப்பிட்டான்.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லீங்க. மூணு தடவ விழுந்தேன். ரெண்டு தடவ நானா விழுந்தேன். ஒரு தடவ வீசிப்போட்டாங்க."

அந்தப் பக்கம் லாரியில் கிழங்கு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டான்.

"ஜெயிச்சியா?"

"ஒண்ணு."

"அப்ப நான் வாயத் தொறக்கப்படாது."

"தொறக்கப்படாது. ஆனா கண்ணத் தொறக்கோணும். ரெண்டு மாசத்துல சேலத்துல போட்டி இருக்குதாம். நீங்க வாரீங்க. முன்னால உக்காந்து நான் விழுகறத முழுசாப் பாக்கறீங்க."

இளங்கோ பதில் சொல்லவில்லை. கண்ணாயி போனை வைக்கவும் இல்லை. அவன் சரி என்று சொல்லும்வரை, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த மண்டப வாசலிலேயே நின்றாள்.