பார்க்காமல் விட்ட ஒரு சொட்டு

அறுபதுகளின் கடைசியில், தருமபுரிப் பக்கம் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில் எனக்குப் பரிசோதனைக்கூட வேலை. சளி, ரத்தம் என்று எது வந்தாலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வேன். அங்கே நர்ஸாக இருந்தவளை விரும்பிக் கட்டிக்கொண்டேன். கிராமத்துப் பிரசவங்களுக்குப் போய்விட்டுக் கால் முழுக்கச் செம்மண்ணோடு திரும்புவாள். என் ஜன்னலோரம் நின்று, "இன்னிக்கி கிருமி ஏதாச்சும் சிக்குச்சுங்களா, இல்ல சும்மா உக்காந்தே சம்பளமா?" என்பாள். அந்தக் கேலிக்காகவே காத்திருப்பேன். என் அம்மாவுக்கு மட்டும் அவளைப் பிடிக்கவில்லை.

இரண்டாவது பெண் பிறந்தபோது அவள் உடம்பு மிகவும் இளைத்துவிட்டது. இனி அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நானாகவே போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆபரேஷன் ஆனவர்கள் மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, பிறகு விந்துவைக் கொண்டுவந்து, அதில் உயிரணு இல்லையென்று சோதித்துக்கொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவன் நான். என்னுடையதை மட்டும் சோதிக்கவில்லை. மூன்று மாதம்தான் கடந்தாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

ஒரு வருடம் போயிருக்கும். அவள் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆப்ரேசன் உங்கள நல்லா ஏமாத்திருச்சுங்க."

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவள் முகம் மாறியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அடுப்படியிலிருந்து அம்மா, "ஊரூராச் சுத்தறவள வூட்டுல வெச்சா இப்பிடித்தான்டா" என்றாள். நான் அம்மாவை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சில பேருக்கு வெட்டுன குழாய் தானா சேந்துக்கும்யா. உன் டேபிள்ல வெச்சு நீயே பாத்துக்கோயேன்."

மனைவியும் அதைத்தான் கேட்டாள். "ஊரு எச்சியெல்லாம் பாக்கறீங்க. உங்களுத ஒரு சொட்டு பாருங்க. ஒண்ணும் இல்லீன்னா நானே கெளம்பிடறேன்."

நான் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லையென்றால் அவள் போய்விடுவாள். உயிரணு இருந்துவிட்டால், அவளை வீணாகச் சந்தேகப்பட்டவன் நான் என்றாகும். இரண்டில் எதையும் தெரிந்துகொள்ளத் துணிவில்லாமல், ஒரே வீட்டில் மாதக்கணக்கில் அவளோடு பேசாமல் இருந்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகு, பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மொரப்பூர்ப் பக்கம் தன் ஆத்தா வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் பெட்டியை பஸ் நிற்கும் இடம்வரை தூக்கிப்போனவன் நான்தான். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை அவள் படியிலேயே நின்றாள். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கி வந்தேன்.

பையன் பிறந்திருப்பதாக ஆள் வந்து சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத பரிசோதனைக்கூடத்தைத் திறந்து என் சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டல்ல. அவை அடங்கும்வரை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே போனேன். குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சோதித்துப் பார்த்துவிட்டேன், தப்பு என்னுடையது, வீட்டுக்கு வா என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் தலையைத் தடவியபடி கேட்டாள்:

"அதுல ஒண்ணும் ஓடலீன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் செல்லாது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தாங்க, கழுத்துக்குக் கை குடுத்து வாங்குங்க" என்று குழந்தையை நீட்டினாள். "உங்க புள்ள. எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க. நான் வல்லீங்க."

அந்தப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டாள். ஞாயிறுதோறும் போனேன். சோறு போடுவாள், பிள்ளைகள் படிப்பைச் சொல்வாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நினைவூட்டுவாள். கேலி மட்டும் பேசமாட்டாள். அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான்.

ஓய்வு பெறும்வரை அதே மேஜைதான். ஜன்னலில் நிழல் விழுந்தால் சட்டென்று தலை தூக்குவேன். யாராவது சளி டப்பாவோடு நின்றுகொண்டிருப்பார்கள். கை நீட்டி வாங்கிக்கொள்வேன்.