மட்டையில் துப்பியவர்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் பந்து வளைவதைப் பற்றி எழுதுவதை, மெத்தப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லித் தந்தவரை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

தொண்ணூறுகளில் வடக்கே சிஞ்ச்வட் ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவர் வெல்டர், நான் ஸ்டோர்ஸ். டேபிள் டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள். பல்லெல்லாம் புகையிலைக் கறை. ஒவ்வொரு சர்வீசுக்கும் முன்னால் மட்டை ரப்பரில் துப்பி, உள்ளங்கையால் தேய்ப்பார். அதே கையால் என் முதுகைத் தட்டுவார்.

அரையிறுதிக்கு முந்தைய நாள் என் மட்டையை வாங்கி வாயருகே கொண்டுபோனார். பிடுங்கிக்கொண்டேன்.

"என்னப்பா, புது மாப்பிள்ளை மாதிரி கூசுறே? ரப்பர்ல தூசி இருந்தா பந்து வழுக்கும், சுத்தாது. முன்பக்கமா சுத்துற பந்து காத்தை இழுத்துப் பின்னால மேல தள்ளும். காத்து பந்தைக் கீழ அமுக்கும். அதான் வேகமா அடிச்சாலும் மேசையில விழுது. சம்ஜா, புரியுதா? நாளைக்காவது நான் ஃபைனல் போகணும்ப்பா."

"நானே துடைச்சுக்கிறேன் அண்ணே."

அந்த நாறும் வாயிலிருந்து அவ்வளவு தெளிவான பேச்சு எப்படி வந்ததோ, இன்றும் புரியவில்லை.

ஸ்டோருக்குப் போய், இயந்திரம் துடைக்கும் மண்ணெண்ணெய்த் துணியால் ரப்பரைப் பளபளவென்று துடைத்தேன்.

மறுநாள் நான் அடித்த பந்துகள் ரப்பரில் படிந்த எண்ணெய்ப் பசையில் வழுக்கி, வளையாமல் மேசையைத் தாண்டிப் போயின. தோற்றோம்.