மெம்பர் யார் என்று கேட்டார்கள்

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் எம்.பி. அம்மா எங்கள் களத்துக்கு வந்தார். செருப்பை ஓரமாய்க் கழற்றிவிட்டு, சாமையை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார். தானியம் கிடக்கும் களத்தில் நாங்கள் செருப்போடு நடக்கமாட்டோம். யாரும் சொல்லாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது. அவர் ஊரிலும் இப்படி ஒரு பொடித் தானியம் விளையுமாம். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. தலையில் வாழைப்பூ நிறத்தில் ஒரு துணி கட்டியிருந்தார். அதை எப்படிச் சுற்றுவது என்று கேட்க நினைத்து, கடைசிவரை கேட்காமலே விட்டேன்.

கூட வந்த காலேஜ் பெண் அவர் பேசியதைத் தமிழில் சொன்னாள். கடலைக்காட்டுக்காரர் மகளாம். டீச்சராக இருந்தாராம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தேர்தலில் நின்றிருக்கிறார். தோற்றார், மறுபடி நின்றார், மறுபடியும் தோற்றார், பிறகு ஜெயித்தார். ஜெயித்தும் எதிர்க்கட்சிதான். சபையில் மைக்கை அணைத்துவிடுவார்களாம். இவர் தொண்டையாலேயே பேசுவாராம். ஒரு ஊர்வலத்துக்காக ஜெயிலிலும் போட்டார்கள். புருஷன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், அங்கே சாப்பாடு சரியில்லை என்று திரும்பி வந்தாராம். அதைச் சொல்லி அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம். இத்தனை வருஷத்தில் மந்திரியே ஆகவில்லையா என்று யாரோ கேட்டார்கள்.

"வேண்டாம்னு சொல்றதுக்கும் அங்க ஒரு ஆளு வேணுமாமுங்க" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம்தான் இந்த ஊருக்கு மெம்பர் யார் என்று கேட்டார்கள். எல்லோரும் என் மகனைக் காட்டினார்கள். அவன் முன்னால் போய்க் கும்பிட்டான். அந்த அம்மா அவனுக்குத் துண்டு போர்த்தினார்.

மெம்பர் நான். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் என் பெயரில் நின்றோம். போஸ்டரில் என் படம் சின்னது, அவன் படம் பெரியது. கூட்டத்துக்கு அவன் போவான். நான் வீட்டில் இருந்தபடி கைநாட்டு வைப்பேன். ஊரறிந்த விஷயம்தான். அதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குக் காபித் தட்டோடு நின்றபோது முகம் எரிந்தது.

தட்டைக் கீழே வைத்தேன். "நாந்தானுங்க மெம்பரு" என்றேன்.

என் மகன் தரையைப் பார்த்தான். அந்த அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இதுவரைக்கும் நீங்க எதை எதுத்தீங்கன்னு கேக்கறாங்க, அம்மாயி."

யோசித்துப் பார்த்தேன். மருமகள் சமையலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. "ஒன்னுமில்லீங்க, கண்ணு" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அடுத்த கூட்டத்துக்கு நானே கிளம்பினேன். பஸ்ஸில் மகன் கேட்டான்: "நீ வந்து என்னம்மா பண்ணப்போற?" சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

பஞ்சாயத்து கிளார்க், கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் கடகடவென்று படித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னது மட்டும் மனதில் இருந்தது. கிளார்க் மூச்சு வாங்க நிறுத்தியபோது எழுந்து, "வேண்டாங்க" என்றேன்.

தலைவர் என்னையே பார்த்தார். "ஏனுங்க அம்மாயி, அது உங்க ஊருக்குப் போடற தண்ணிக் குழாயிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்குக் காது வரை சுட்டது. உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் அடுத்த கூட்டத்துக்கு மறுபடி அவன்தான் வருவான்.

"அப்ப கொழா வேணுங்க. இப்பிடிப் படிக்கறதுதான் வேண்டாங்க. நிறுத்திப் படிங்க, சாமி."

கிளார்க் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். முதலிலிருந்து நிதானமாகப் படித்தார்கள். எப்போது உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முடியும்வரை நின்றுகொண்டே கேட்டேன்.