சரோன் பரீட்சைக்குப் போகாத நாள்

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த சரோன், மதுரையில் மூன்றரை வருடம் தாதியர் பயிற்சி முடித்து வந்தவள். வெளிநாட்டில் படித்ததால் இங்கே இலங்கையில் தாதியாகப் பதிவு பெற ஒரு பரீட்சை. எழுத்தில் பாஸ். செய்முறையில் இரண்டு தடவை பெயில். மூன்றாவதுதான் கடைசி.

இரண்டாம் தடவை, மறுக்கிறாளா என்று பார்க்கப் பரீட்சகர் வேண்டுமென்றே பத்து யூனிட்டுக்குப் பதிலாக நூறு யூனிட் இன்சுலின் ஏற்றச் சொன்னார். அவள் ஏற்றுவதற்கு ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"பிழைன்னு தெரியலையாடி?" என்று அவள் பெரியம்மா நான் கேட்டேன்.

"தெரிஞ்சிச்சு பெரியம்மா. பரீட்சகர் சேரே சொல்லும்போது எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவள் அம்மா, என் தங்கை தெரேசம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசிய நாளெல்லாம் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். 'வாயைத் திறக்காதே' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. பதிவில்லாமல் ஆஸ்பத்திரிகள் எடுக்காது. சும்மா இருந்தால் கை மறந்துபோகும். நான் சைப்ரசில் முதியோர் பராமரிப்பில் இருந்துவிட்டு வந்து, கேகாலையில் படுத்த படுக்கையான ஒரு வயதான சிங்கள நோனாவை, அதாவது வீட்டு அம்மாவை, பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முழங்கால் போய்விட்டது. சரோனை அங்கே சேர்த்துவிட்டு, அவளுக்கு லீவான ஞாயிறு மட்டும் நான் போனேன்.

ஒரு ஞாயிறு, நாங்கள் மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிடும் நோனாவின் மகன், தூக்க மாத்திரை இனி மூன்று கொடுங்கள், இரண்டு கொடுத்தும் கத்துகிறார் என்று சிங்களத்தில் சொன்னார். டொக்டர் எழுதியது ஒன்று. சரோனுக்குப் போன் போட்டேன்.

"மாத்தயா ரெண்டு குடுக்கச் சொன்னாரு பெரியம்மா. சரின்னேன். ஒண்ணக் குடுத்துட்டு மத்தத சிங்க்ல போட்டுட்டேன்."

"அடிப்பாவி, நீ வாயைத் திறக்காம இருந்துதான் இப்ப மூணாச்சு!"

திங்கள் காலை, அவளைப் பக்கத்தில் நிறுத்தியே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கொடுத்தால் மூச்சு நிற்கலாம் என்றும் சொன்னேன். அவர் அவளைப் பார்த்து, உண்மையா என்றார்.

"இல்லை மாத்தயா. ரெண்டும் குடுத்தேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

இனி ஞாயிறும் வர வேண்டாம் என்று என்னை அனுப்பிவிட்டார். சரோன் கேட் வரை வந்தாள்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா."

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? டொக்டருக்குப் போன் பண்ணு."

"அவரும் சேர்தானேங்க."

டொக்டருக்கு நானே சொன்னேன். மகனிடம் பேசுகிறேன் என்றார். பேசினாரா, தெரியாது.

அந்தக் கடைசிப் பரீட்சை ஒரு புதன்கிழமை. ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறாள். நோனாவின் மகனும் தாராளமாகத் தந்திருக்கிறார். போய் வா, அன்றைக்கு மருந்தை நானே கொடுக்கிறேன் என்றாராம்.

புதன் காலை பத்து மணிக்கு, எப்படிச் செய்கிறாளோ என்று அவள் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். பின்னால் நோனா கத்துவது கேட்டது.

"எங்கடி நிக்கிற?"

"நோனாவுக்குக் கஞ்சி குடுக்கிறேன் பெரியம்மா. மாத்தயா மூணு எண்ணி மேசையில வச்சிருக்காரு. நான் போனா அவரே மூணையும் குடுத்துருவாரு."