மயிரிழை பெரிதான ஜெட்

அச்சாபீசில் பிறர் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் எனக்கு வேலை. அதனால் நான் செய்வதில் பிழையே வராது என்று ஒரு நம்பிக்கை முப்பது வயது வரை இருந்தது. அதைப் போக்கியது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். கப்பலேறிச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனது. சாந்தோமில் எங்கள் தெருவில் அப்போது வேறு மோட்டார் சைக்கிள் கிடையாது. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அதைத் தொட்டுவிடாமல் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்திருந்தது.

என் மனைவி அதை வீட்டுக்கு வந்த கொழுந்தனாகவே நடத்தினாள். நான் பெட்ரோல் ஊற்றிவிட்டு உள்ளே வந்தால், "உங்க தம்பி சாப்ட்டாச்சா?" என்பாள். மழை வந்தால், "தம்பி நனையுது, போய் பாருங்க" என்பாள். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ராயப்பேட்டை ஒர்க்ஷாப் ஒன்றில் பந்தய வண்டிக்கென்று செய்து, யாரும் வாங்காமல் கிடந்த நேரான புகைக்குழாய் ஒன்றைப் பார்த்தேன். அன்றைக்கே சைலென்சரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். கை சும்மா இருக்குமா? காற்று இழுக்கும் வாயில் இருந்த வடிகட்டிப் பெட்டியையும் எடுத்துவிட்டு, நாதஸ்வரத்தின் அடிப்புறம் மாதிரி விரிந்த பித்தளைக் கூம்பு ஒன்றை வைத்து, எண்ணெயில் நனைத்த மெல்லிய வலையை அதன்மேல் கட்டினேன். விளைவு, சத்தம் இரண்டு மடங்கு, வேகம் பாதி. முறுக்கினால் வண்டி தும்மியது. இன்னும் முறுக்கினால் வெடித்தது. பூசை நேரத்தில் கோயில் பக்கம் வர வேண்டாமென்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பினார்.

அந்த வாரம்தான் மனைவிக்குக் கடிதம் வந்தது. அடையாற்றில் கன்னிமார் மடத்துப் பள்ளியில் வாத்தியாரம்மா வேலை காலி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வர வேண்டும். டிரெயினிங் முடித்து நான்கு வருஷமாக அவள் காத்திருந்த வேலை அது. கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் மூன்று தடவை எடுத்துப் படித்தாள்.

"ஜட்காவுக்குச் சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கும்போது ஜட்காவா?" என்றேன்.

அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தம்பிக்கு ஜலதோஷம் போல இருக்கே?" என்றாள். திங்கட்கிழமைக்குள் குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நோய் என்னவென்று எனக்குத் தெரியும். காற்று தாராளமாக உள்ளே வந்து, புகை தாராளமாக வெளியே போனால், பெட்ரோலும் அதற்கேற்பத் தாராளமாக வர வேண்டும். அது வருகிற வழி, கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் ஒரு பொடித் துளை. பெரிய துளை உள்ள ஜெட் வேண்டுமென்று மவுண்ட் ரோடு கடையில் கேட்டேன். சீமையிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

இருக்கிற துளையைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்தேன். மயிலாப்பூர் கடைவீதிக்குப் பின்னால், முத்துக்குத் துளை போடும் பாய் ஒருவர் இருந்தார். வழியில் வீணைத் தந்தி விற்கும் கடையில் இரண்டு தந்தித் துண்டுகள் வாங்கிக்கொண்டேன். ஒன்று ஜெட்டின் துளையில் சரியாக நுழைந்தது. மற்றது அதைவிட ஒரு மயிரிழை பருமன், நுழையவில்லை. "இது நுழையணும், பாய். அவ்வளவுதான்" என்றேன்.

பாய் ஜெட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இன்னா தொரை இது, மூக்குத்தி திருகாணியா?"

"மோட்டார் சைக்கிளுக்கு."

"நம்ம கையில ராஜாவூட்டு முத்து வந்துகீது, ஜமீன் முத்து வந்துகீது. மோட்டார் வர்றது இதான் மொத தபா" என்று சிரித்தார். துளைக் கம்பியில் வில்லின் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்று இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்தி, தந்தியை நுழைத்துப் பார்த்தார். நான் அவசரப்படுத்தியபோது நிமிர்ந்தார். "யாரு போட்டுக்கினு போறதுக்கு முத்துன்னு கேட்டுட்டுதான் துளை போடுவேன். கயித்துல கோக்கறதுன்னா ஒரு மாதிரி, கம்பியில கோக்கறதுன்னா ஒரு மாதிரி. இத்துல யாரு போறது?"

"நான்தான்" என்றேன். வேறு பதிலே எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை கடற்கரைச் சாலையில் சோதனை. முழுசாக முறுக்கிக்கொண்டு பறந்தேன். தும்மல் இல்லை, வெடி இல்லை. அந்த வேகத்திலேயே இன்ஜினை அணைத்து, வண்டி நின்றதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் குறைந்தால் அது சாம்பலாய் வெளுத்திருக்கும், கூடினால் கரி அப்பியிருக்கும். என்னுடையது வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்! சந்தோஷத்தில், எதற்கும் இருக்கட்டுமென்று, நடுத்தர வேகத்துக்குப் பெட்ரோல் விடும் ஊசியையும் ஒரு காடி, அதாவது அதில் வெட்டியிருக்கும் ஒரு பள்ளம் அளவுக்கு, உயர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு சோதிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவி கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வந்தாள். பின்சீட்டில் அவளுக்கென்று மெத்தை கட்டியிருந்தேன். அதற்கு இடம் வேண்டுமென்று ஸ்பானர் பையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் மறு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா போங்க" என்றாள். மெதுவாகப் போனேன். "இன்னும் மெதுவா." கோயில் வாசலில் நிறுத்தாத குறையாகப் போகச் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த முனையில் மாதா சுரூபம் வைத்த கெபி, அங்கேயும் அதே. எதிரே சாமியார் வந்தார். வண்டி மேல் உட்கார்ந்தபடி அவரைக் கடந்து போனால் மரியாதையா? நின்று, "தோத்திரம் சுவாமி" என்று இருவரும் சொன்னோம். ஊரில் இருக்கும் ஞானஸ்நானத் தாய் தந்தையர் எல்லோரும் அன்றைக்கென்று வீதியில் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் நின்று தோத்திரம் சொன்னோம். ஜட்கா ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

அடையாற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது புகைக்குழாயிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. வண்டி நான்கு முறை இருமிவிட்டு நின்றது. என்ன ஆயிற்று என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பறக்கிறவனுக்கு வேண்டிய பெட்ரோலை, ஊர்கிறவளுக்குக் கொடுத்திருந்தேன். பிளக்கில் கரி அப்பியிருக்கும். துடைத்தால் ஓடும், கழற்ற ஸ்பானர் இல்லை. உதைத்து உதைத்துப் பார்த்தேன். மணி எட்டேமுக்கால்.

காலியாக வந்த ஜட்காக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். "இன்னா தொரை, நின்னு பூட்ச்சா? நம்ம குதிரை புல்லு துன்னுட்டு ஓடிக்கினுதான் கீது" என்றார். மனைவி இறங்கி அதில் ஏறிக்கொண்டாள். பாலத்தின் மேல் ஜட்கா சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருஷக் காத்திருப்பை ஒரு காடியில் தொலைத்துவிட்டேனோ? எந்த வேகம் உனக்குச் சரிப்படும் என்று அவளை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துளை போடுகிற பாய்கூட யார் போவது என்று கேட்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மத்தியானம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "ஒண்ணாந்தேதிலேருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மடத்து மதர் ஒண்ணுதான் கேட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து தினம் எப்படி நேரத்துக்கு வருவேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வெச்சிருக்காரு, இன்னிக்கும் அவர்தான் கொண்டாந்து விட்டாருன்னு சொன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முழுப் பொய்யில்ல, பாலம் வரைக்கும் விட்டீங்களே" என்றாள். "சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். சாமியார் என்ன அபராதம் கொடுக்கிறாரோ, அத நீங்க தீர்த்துடுங்க."

சாயங்காலமே ஊசியை இறக்கினேன். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவள் சொன்ன வேகத்தில், பிளக் காப்பிக்கொட்டை நிறம் ஆகிறவரை மாற்றி மாற்றி மூன்று நாள் தெருவைச் சுற்றினோம். சனிக்கிழமை சாமியார் அபராதமாக ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். ஒருவருடைய அபராதத்தை இன்னொருவர் தீர்த்தால் செல்லாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் முழங்காலிட்டு ஐந்தையும் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.